சல்லியை அனுப்பச் சொன்ன என் குரல்

தம்பி,

என் குரலில் யாரோ ஒருவன் நம் ஐஸ் கடைக்குக் கோல் எடுத்து, மெஷின் திருத்துவதற்கு வங்கியில் போட்டு வைத்திருந்த காசு முழுவதையும், கடைக் கணக்குப் பார்க்கும், உன்னைக் கட்டப்போகும் சுகந்தியின் கையாலேயே அனுப்புவித்து எடுத்துக்கொண்டான். காசை எடுத்தது சுகந்திதான் என்று நான் கடை வாசலில் நின்று, ஐஸ் ஏற்ற வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். உங்கள் கலியாண எழுத்துக்கு, பதிவுக்கு, வைத்த நாள் தள்ளிப்போனதற்கு இதுதான் காரணம். நாள் சரியில்லை என்று ஐயர் சொன்னதாக, பெற்ற மகன் உனக்கே நான் சொன்னது பொய். ஐயருக்கு இதில் ஒன்றும் தெரியாது, பாவம்.

சுகந்தி ஏன் போனை எடுக்கிறாள் இல்லை என்று நீ டோஹாவில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தாய். நானும் ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். இனிச் சமாளிக்க ஏலாது. நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இதுவாகத்தான் இருக்கும். இத்தனை வருடமும் வொய்ஸ் போட்டே பழகிவிட்டேன். இப்போது போனைக் கையில் எடுத்து வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. எழுதியதை ஊர்ப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். ஊருக்கு முன்னால் போட்ட பழியை உன் காதுக்குள் மட்டும் திருப்பி எடுப்பது நியாயமில்லை. அதோடு, என்னைப் போல ஆட்கள் இந்தக் கரை முழுவதும் இருக்கிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும். சுகந்தியிடம் கேட்டுத்தான் அவள் பெயரைப் போடுகிறேன்.

நீ வெளிநாடு போகும் முன் எனக்கு ஒரு வாட்ஸ்அப் குறூப் செய்து தந்தாய் அல்லவா, ஐஸ் விலை சொல்ல? யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று அந்தச் சதுரக் குறியை லொறிக் கதவிலும் ஒட்டினோம். கிண்ணியா, மூதூர், சல்லி என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் சேர்ந்தார்கள். யார் யார் சேர்ந்தார்கள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆள் கூடினால் வியாபாரம் கூடும் என்றுதான் நினைத்தேன். காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அதில் பேசுவேன். விலை சொல்வேன், கடல் நிலவரம் சொல்வேன், மெஷின் அடிக்கடி பழுதாகிறது, திருத்தக் காசு சேர்க்கிறேன் என்று புலம்புவேன், உங்கள் எழுத்துக்கு நாள் வைத்ததையும் சொல்வேன், இரண்டு பேரைப் பகிடி பண்ணிச் சிரிப்பேன். சிரிப்புக்காகவே கேட்கிறோம் அக்கா என்று சொன்னவர்களும் உண்டு. கண்ணில் புரை வெட்ட விடியமுன் கண்டிக்கு வெளிக்கிட்ட அன்றும் பேசினேன்: “இண்டைக்கு நான் ஆசுப்பத்திரிக்குப் போறன், பின்னேரம் வரைக்கும் என்னைப் பிடிக்க ஏலாது. கடையில சுகந்தி நிப்பா, அவவின்ர நம்பர் குறூப்பில கிடக்கு. காசு கதையெல்லாம் அவவோட கதையுங்கோ.” யோசித்துப் பார். ஒரு கள்ளனுக்கு வேறென்ன வேண்டும்? என் குரல், நான் இல்லாத நேரம், காசுப் பெட்டியின் திறப்பு, சாவி, யார் கையில் என்ற விபரம், எல்லாவற்றையும் நானே சிரித்துச் சிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

கண்ணுக்கு மூடி ஒட்டிக்கொண்டு பின்னேரம் வந்து கடையில் இறங்கினேன். சுகந்தி ஓடி வந்து கையைப் பிடித்தாள். “மெஷின் சாமான் கிடைச்சதே அம்மா?” என்றாள்.

“என்ன சாமான்?”

“நீங்கள்தானே கோல் எடுத்துக் காசு போடச் சொன்னனீங்கள்.”

“நான் எடுக்கேல்ல.”

“அம்மா, நீங்கள்தான் கதைச்சனீங்கள். என்னை ஏசினனீங்கள் கூட.”

“எனக்குக் கண்ணைத்தான் வெட்டினவங்கள் பிள்ளை, மூளையை இல்லை. கதைச்சது எனக்குத் தெரியாதே? காசு எங்க?”

தன் போனைக் காட்டினாள். என் நம்பர் இல்லை, வேறு ஏதோ நம்பர். அதைக் கண்டதும் எனக்கு ஆத்திரம் கூடியது. ஏதோ ஒரு நம்பரைக் காட்டி என்னையே விசரியாக்கப் பார்க்கிறாளே என்றுதான் பட்டது. சொல்லத் தகாத சொல் எல்லாம் சொன்னேன். கடைசியில், ஐஸ் பெட்டியோடு நின்றவர்களைப் பார்த்து, “இஞ்ச பாருங்கோ, என்ர வீட்டுக்கு வரப்போற கள்ளியை” என்றேன். அவள் அழவில்லை. கடைத் திறப்பை மேசையில் வைத்தாள். நீ அனுப்பிய மோதிரத்தையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு சல்லிக்கு, தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று நீ கேட்பாய். என்னை யாரும் ஏமாற்ற ஏலாது என்ற எண்ணம்தான். கடல் வந்து எல்லாவற்றையும் கொண்டு போன அடுத்த வருடம், உன்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சைக்கிளில் மரத்தூள் பெட்டி கட்டி ஐஸ் விற்கத் தொடங்கியவள் நான். ஐஸ் விற்றுக்கொண்டே மீனும் வாங்குவேன்; இறாலுக்குத் தண்ணீர் ஊசி போட்டுக் கொண்டு வருவார்கள். விரலால் ஒருமுறை அமத்தினால் எனக்குத் தெரியும். பாரை மீனின் வாய்க்குள் ஈயக் கட்டி வைத்துத் தராசில் போடுவார்கள், தூக்கும்போதே தெரியும். என் குரலில் கதைத்துப் பார்த்த ஒரே ஆள் நீதான். எட்டாம் வகுப்பில் சோதனைக்குப் பயந்து, பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி, “மகனுக்குக் காய்ச்சல் டீச்சர்” என்றாய். பாதி வசனத்தில் குரல் உடைந்து போக, டீச்சர் சிரித்துவிட்டு, “சரி அம்மா, மகனை வாயை மூடிக்கொண்டு பள்ளிக்கு வரச் சொல்லுங்கோ” என்றாராம். ஆள் மாறிக் கதைத்தால் இப்படித்தான் பிடிபடும் என்று நம்பியிருந்தேன். அதனால்தான், நான் கதைக்காத ஒன்றை நான் கதைத்தேன் என்று ஒருத்தி சொன்னபோது, அவள் பொய் சொல்கிறாள் என்பதைத் தவிர வேறு ஒன்றும் என் புத்தியில் ஏறவில்லை.

சில நாள் கழித்து, காலை வியாபாரம் நடக்கும்போது சுகந்தியின் தகப்பன் வந்தார். யோகராசாவை உனக்குத் தெரியும்; கடலில் கத்துவாரே தவிரக் கரையில் சத்தம் வராத மனிதன். மீன் நிறுக்கும் தட்டில் சுகந்தியின் போனை வைத்தார். “அக்கா, ஒண்டு போடுறன். கேட்டுப்போட்டு ஆர் எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்” என்றார். சுகந்தியின் போன் வருகிற கோல்களைத் தானாகவே பதிந்து வைத்திருக்கிறது. அது இருப்பது அவளுக்கே தெரியவில்லை. அவளுடைய தம்பிதான் தேடி எடுத்தானாம். அதைத்தான் யோகராசா தட்டில் ஓட விட்டார்.

“பிள்ளை, நான்தான். போன்ல சார்ஜ் இல்லை, இஞ்ச நேர்ஸின்ர போன்ல கதைக்கிறன்.”

“சொல்லுங்கோ அம்மா. கண் வெட்டியாச்சா?”

“இன்னும் கூப்பிடேல்ல. நீ உடன சல்லியை அனுப்பு.”

“சல்லியையோ? அரைவாசிதானே அம்மா ஆயத்தம்.”

“அரைவாசி காணாது. முழுக்க அனுப்பு.”

தம்பி, இந்த இடத்தைக் கவனி. நம் பக்கத்தில் காசுக்குச் சல்லி என்றும் சொல்வார்கள். ஆனால் நம் கடையில் சொல்வதில்லை. சல்லி ஊருக்கு ஐஸ் கொண்டு போகும் லொறிக்கு நாங்கள் வைத்த பெயரே சல்லிதான். “சல்லி வந்திட்டுதா, சல்லியைக் கழுவு, சல்லிக்கு டீசல் அடி” என்றுதான் பேச்சு. குழப்பம் வரக்கூடாதென்று காசைக் காசு என்று மட்டும் சொல்லப் பழகியிருக்கிறோம். கோல் எடுத்தவனுக்கு இது தெரியவில்லை. அவன் கேட்டது காசு. சுகந்தி லொறி நிறைய ஐஸ் ஏற்றிச் சல்லிக்கு அனுப்பிவிட்டாள்! தட்டில் இருந்த போன் அடுத்த கோலைப் போட்டது.

“எங்க பிள்ளை சல்லி? இன்னும் வரேல்லையே.”

“வெளிக்கிட்டிட்டுது அம்மா. இப்ப உப்புவெளி தாண்டியிருக்கும்.”

ஐஸ் ஏற்ற நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நம் லொறி ஓட்டும் ரவி, “அதுதான் அண்டைக்கு ரெண்டாந்தரம் போகச் சொன்னதோ!” என்று தலையில் கை வைத்தான். “ஓம், எங்கட மீன் வாடியிலதான் இறக்கினது. கேக்காத ஐஸ்” என்றார் யோகராசா, சிரிக்காமல். போன் தொடர்ந்து ஓடியது. பிறகு சிரிப்பு வந்தது. என் சிரிப்பு. முதலில் மூக்கால் ஒரு சத்தம், பிறகு இழுத்துக்கொண்டு போவது. “அடி விசரி, அந்தச் சல்லி இல்லை. காசு, காசு. மெஷின் சாமான் இஞ்ச ஒருத்தனிட்டக் கிடக்கு. இப்ப போட்டாத்தான் தருவான். நம்பர் சொல்லுறன், எழுது.”

“நீங்கள் வந்தாப் பிறகு போடுவமே அம்மா?”

“கலியாணம் எழுத முதலே மாமியாரோட எதிர்க்கதையோ?” மறுபடியும் அதே சிரிப்பு. “நான் சொல்லுறன் எல்லோ. போடு பிள்ளை.”

யோகராசா போனை நிறுத்தினார். “இது ஆர் அக்கா?”

“நான்தான்” என்றேன். யோசிக்காமல் வாயில் வந்தது. கண்ணாடியில் முகத்தைப் பார்த்தவளிடம் இது யார் என்று கேட்டால் வேறென்ன சொல்வாள்?

“நல்லது” என்றார் அவர். “அப்ப என்ர பிள்ளை கள்ளி இல்லை.” போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஐஸ் கடைக்காரிக்குக் குளிர் புதிதா? அன்று வெயிலில் நின்று நடுங்கினேன். அந்த நேரத்தில் நான் கண்டியில், கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்தேன். ஆனால் என் குரல் திருகோணமலையில் என் கடைக்குள் நின்று என் மருமகளை மிரட்டியிருக்கிறது. யோகராசாவின் பின்னால் ஓடி அந்தப் போனை வாங்கித் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒருவேளை மயக்க மருந்தில் நான்தான் கதைத்தேனோ என்று என்மேலேயே சந்தேகம் வந்தது. ஆசுப்பத்திரிக்குக் கோல் எடுத்து, நான் யாருடைய போனிலாவது கதைத்தேனா என்று கேட்டேன் என்றால் நம்புவாயா? இல்லை அம்மா, நீங்கள் நித்திரை என்றார்கள்.

பொலிஸில் முறைப்பாடு எழுதியவன் உன் வயதுப் பொடியன். விபரமாகச் சொன்னான். ஒருவன் தன் பாட்டுக்குக் கதைப்பானாம். செயற்கை நுண்ணறிவு அந்தக் கதையை அந்தக் கணமே இன்னொருவர் குரலாக்கிக் கொடுக்குமாம். அதற்குக் கொஞ்ச நேரப் பதிவு போதுமாம். “உங்கட குரல் எங்கயாவது பதிஞ்சு கிடக்குதா அம்மா?” என்று கேட்டான். குறூப்பைத் திறந்து காட்டினேன். மேலே தள்ளினான், தள்ளினான், தள்ளிக்கொண்டே இருந்தான். “நீங்கள் அவங்களுக்குப் பள்ளிக்கூடமே நடத்தியிருக்கிறீங்கள்” என்றான். வங்கியில், பொறுப்பான ஆளே சரியான ரகசிய எண் அடித்து அனுப்பிய காசு, எங்களால் உடனே திருப்ப ஏலாது, உடனே தெரிந்திருந்தால் மறித்துப் பார்த்திருக்கலாம் என்றார்கள். உடனே! அந்த நேரத்தை எல்லாம் நான் வாசலில் நின்று சுகந்தியைத் திட்டுவதில் செலவழித்தேன். காசு எத்தனையோ கணக்குக்கு மாறிப் போய்விட்டது. தேடுகிறார்கள். வரும் என்று நான் எண்ணவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், கேள். முந்தி இந்தக் கள்ளர் அனுப்பும் செய்தியில் தமிழ் பிழையாக இருக்கும், பார்த்தவுடன் அழித்துவிடுவோம். இப்போது என்னைவிட நல்ல தமிழில் அனுப்புகிறார்கள். குரலும் போயிற்று. நாளைக்கு வீடியோவில் உன் முகத்தோடு ஒருவன் வந்து அழுவான் என்று அந்தப் பொலிஸ் பொடியன் சொன்னான். ஆகவே கண்ணையும் காதையும் வைத்து ஆளை மட்டிடும் காலம் முடிந்தது. என்ன கேட்கிறான், ஏன் இப்போதே கேட்கிறான் என்பதைப் பார். கரையில் என்னை அவசரப்படுத்தியவர்களின் மீனை நான் எப்போதும் செவுள் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறேன். போனில் அவசரப்படுத்தியவனின் செவுளைத் தூக்கிப் பார்க்கச் சுகந்திக்கு நான் பழக்கவில்லை. நான் சொன்னால் கேள்வி கேட்காமல் செய் என்றுதான் பழக்கினேன். கள்ளன் நுழைந்த வாசல் அதுதான். உன் கொம்பனியிலும் மேலாளர் குரலில் யாராவது காசையோ பாஸ்வேர்டையோ கேட்டால், மேலாளர் கோபிப்பார் என்று பயந்து கொடுத்துவிடாதே. போனுக்கு வரும் ஆறு இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லாதே. நான் கேட்டாலும் சொல்லாதே. விமான நிலையத்தில் நின்று படம் போட்டு, இன்ன நாள் ஊருக்கு வருகிறேன் என்று உலகத்துக்கு அறிவிக்காதே. வந்து இறங்கிய பிறகு போடு, யார் வேண்டாம் என்றது? கடைக் கமராவுக்கும் வங்கிக்கும் என் போனுக்கும் ஒரே பாஸ்வேர்டாக உன் செல்லப் பெயரைத்தான் வைத்திருந்தேன். அது கரையில் பாதிப் பேருக்குத் தெரியும். எல்லாவற்றையும் வேறு வேறாக மாற்றியாயிற்று. வாட்ஸ்அப்புக்கு இரண்டாவது பூட்டும் போட்டாயிற்று. லொறிக் கதவில் ஒட்டியதைச் சுரண்டி எடுத்தோம். இனி ஐஸ் விலை பலகையில் எழுதித் தொங்கும்.

இதெல்லாம் செய்த பிறகும் சுகந்தி வரவில்லை. நான்தான் போக வேண்டும் என்று எனக்கு விளங்கியது. ரவியோடு லொறியில் ஏறிச் சல்லிக்குப் போனேன். அவள் வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டு இருந்தாள். கதிரை கொண்டு வந்து போட்டாள்; தான் உட்காரவில்லை.

“நான் பிழை விட்டிட்டன் பிள்ளை. உன்னைக் கள்ளி எண்டு சொன்ன வாய் இது.”

“கள்ளி எண்டது கிடக்கட்டும்” என்றாள். “நான் என்ன நினைச்சனான் எண்டு உங்களுக்குத் தெரியுமே? நீங்கள்தான் கோல் எடுத்தது எண்டு எனக்கு நல்லாத் தெரியும். குரல் உங்கட, சிரிப்பு உங்கட. அப்ப, கலியாணத்தை நிப்பாட்ட மாமி இப்பிடி ஒரு வேலை பாத்துப்போட்டு இல்லையெண்டு சாதிக்கிறா எண்டுதான் நினைச்சனான். என்ர தம்பி அந்தப் பதிவைத் தேடினதே உங்களைப் பிடிக்கத்தான்.”

தம்பி, விளங்குகிறதா? நான் அவளைக் கள்ளி என்றேன், அவள் என்னைக் கள்ளி என்று நினைத்தாள், இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கேயோ ஒரு அறைக்குள் இருந்தவன் இரண்டு குடும்பத்துக்கும் நடுவே கையை வைத்து அப்படியே கிழித்துவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கு எங்கள் முகம்கூடத் தெரியாது.

யோகராசா குறுக்கே வந்தார். காசு போனது தன் மகளின் கையால்தானே, படகு இயந்திரத்தை விற்றுப் பாதியாவது தருகிறேன் என்றார். “அப்பா, சும்மா இருங்கோ” என்றாள் சுகந்தி. பிறகு என்னைப் பார்த்து, “நான் வாறதெண்டால் சில கதை கதைக்கக் கிடக்கு” என்றாள். மீன் விலை பேசும் தோரணை. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம், வெளியில் காட்டவில்லை.

“எங்களுக்குள்ள ஒரு ரகசியச் சொல் வைப்பம்” என்று நான் தொடங்கினேன். “நான் அதைச் சொன்னால்தான் நான்.”

“சொல் வைச்சால் அடுத்த நாளே அதையும் குறூப்பில சொல்லிச் சிரிப்பீங்கள்” என்றாள். ரவி சிரிப்பை அடக்க மூக்கைப் பொத்திக்கொண்டு லொறிப் பக்கம் போனான். நான் என்ன செய்வேன், உண்மைதானே.

வெயில் சாயும்வரை பேசினோம். சிலதில் அவள் இறங்கினாள், பலதில் நான் இறங்கினேன். நீ அங்கே இருப்பதால் உன் சம்மதத்தைக் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்டவை இவை; உனக்கும் இவைதான் சட்டம். போன காசு முழுவதும் என் நட்டம்; இயந்திரமும் விற்கக் கூடாது, நான் தரவேண்டிய சம்பளத்திலும் சீதனத்திலும் ஒரு சதம் கழிக்கக் கூடாது. நான் பழி சொன்ன அதே வாசலில், ஐஸ் ஏற்ற ஆட்கள் நிற்கும் நேரத்தில், அதே சத்தத்தில் என் பிழையைச் சொல்ல வேண்டும்; மறுநாளே சொன்னேன். சுகந்தி கடைக்குச் சம்பளத்துக்கு வரமாட்டாள், பங்காளியாக வருவாள். மூன்றில் ஒரு பங்கு. வங்கியில் இருந்து காசு வெளியே போவதென்றால் எங்கள் இருவர் போனிலும் தனித்தனியாகச் சம்மதம் கொடுக்க வேண்டும். எழுத்து சல்லியில், அவள் வீட்டில், செலவு என்னுடையது. இனி என் குரலில் யார் காசு கேட்டாலும், அவசரம் என்றாலும், அழுதாலும், செத்துக்கொண்டிருக்கிறேன் என்றாலும், சுகந்தி ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த என் நம்பருக்குத் தானே திருப்பி எடுப்பாள். மாமியார் கதைத்துக்கொண்டிருக்கும்போதே மருமகள் போனை வைக்கலாம். அதற்கு மாமியார் ஆயுள் முழுவதும் கோபிக்கக் கூடாது.